மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகும் ஃபோர்க், கையில் 300 வெள்ளி

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 2014 யமஹா எல்சி மோட்டார், தினமும் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸுக்கு ஷிஃப்ட் வேலை, முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சி தாங்கும் இரண்டு கால்கள்) ஒழுகியதால் ஒரு கடையில் இரண்டு பக்கமும் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் மாற்றினீர்கள், மூன்று மாதம் முடியவில்லை, இடது பக்கம் மறுபடி எண்ணெய். கடைக்காரர் "ஃபோர்க்கே போயிடுச்சு, அப்சைட் டவுன் செட் போட்டுக்கோ, சூப்பரா இருக்கும்" என்கிறார். அப்சைட் டவுன் என்றால் பைப் கீழேயும் தடித்த உறை மேலேயும் தலைகீழாக இருக்கும் ஃபோர்க். கையில் இருப்பது 300 வெள்ளி (ரிங்கிட்), எந்த செட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன். புது சீல் ஏன் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை என்று அந்தக் கடையில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்த்தால் செட் வாங்கும் பேச்சே வராமல் போகலாம்.

நான் பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பிறையில் 20 வருடத்துக்கு மேல் மோட்டார் கடை நடத்தினேன், இப்போது மகன் பார்க்கிறான், நான் காலையில் போய் உட்கார்ந்து குறை சொல்வதோடு சரி. பார்த்ததெல்லாம் காப்சாய் (உங்கள் எல்சி மாதிரிச் சின்ன மோட்டார்), பழைய டூ ஸ்ட்ரோக், அப்புறம் 150, 200 சிசி வண்டிகள். ரேஸ் செட்டிங் என் துறை இல்லை, அதை என்னிடம் கேட்காதீர்கள். வேலைக்குப் போய்வரும் வண்டி ஒழுகாமல், குதிக்காமல் இருக்க என்ன வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஒரு அவசரம். எண்ணெய் இறங்கும் பக்கம் பிரேக் டிஸ்க் இருக்கும் பக்கமா என்று இன்றைக்கே பாருங்கள். கேலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) மேலோ டிஸ்க் மேலோ ஒரு பளபளப்பு தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடலாம், ஆனால் எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முடியாது. நெருப்பில் காட்டி எண்ணெயை எரித்து மறுபடி போடுவார்கள், நானும் சின்ன வயதில் செய்திருக்கிறேன், மேலே மட்டும் காய்ந்த மாதிரி இருக்கும், முதல் அவசர பிரேக்கில் உள்ளே இருப்பது வெளியே வரும். பேட் மாற்றுங்கள். 300 வெள்ளியில் முதல் செலவு அதுதான்.

இனி ஃபோர்க்குக்கு வருவோம். உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குரோம் பூசிய பைப் ஒன்று, அது ஏறி இறங்கும் கீழ்க்கால் ஒன்று, அதைக் கடையில் பாட்டம் என்போம். பைப்புக்குள் ஸ்பிரிங். கீழே ஓட்டை போட்ட ஒரு கம்பி. எண்ணெய் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போகும்போது வருகிற தடைதான் வண்டியைக் குதிரை மாதிரி ஆடாமல் பிடிக்கிறது. பாட்டத்தின் வாயில் எண்ணெய் சீல், அதற்கு மேலே தூசி சீல். எண்ணெய் சீலின் உதடு ஒரு மெல்லிய ரப்பர் விளிம்பு, பின்னால் ஒரு சின்னச் சுருள் கம்பி அதை பைப்போடு அழுத்திப் பிடிக்கும். அவ்வளவு மெல்லிய உதடு ஒவ்வொரு குழிக்கும் குரோம் மேல் தேய்கிறது. ஆக சீல் சீக்கிரம் போகிறது என்றால் சந்தேகம் முதலில் பைப் மேல் விழ வேண்டும்.

நீங்கள் ஓட்டும் இடத்தையும் பாருங்கள். பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி கடல் மேல். உப்புக் காற்று, அதன் மேல் மழை, அதன் மேல் லாரி கிளப்பும் மணல். குரோமில் ஊசி முனை அளவு ஒரு துளை விழுந்தால் போதும், அடியில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும், துரு குரோமை மேலே தள்ளும், அந்தத் துளையின் ஓரம் பிளேடு மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. விரல் நகத்தை பைப் மேல் மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துப் பாருங்கள், பின்பக்கம் உட்பட சுற்றிலும். மட்கார்டு மறைக்கிற இடத்தை யாரும் தொட்டே பார்ப்பதில்லை. நகம் எங்கே தட்டுகிறதோ அங்கேதான் உங்கள் சீல் கிழிகிறது. ஒன்று கவனம், பைப்பின் மேல் பகுதியில், சீல் ஏறிவராத உயரத்தில் துரு இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது அழகுக் குறைதான். தூசி சீலுக்கு மேலே சுமார் நான்கு அங்குலத்துக்குள் இருப்பதுதான் ஆபத்து. இந்த ரக வண்டியில் ஃபோர்க்கின் ஓட்டம் மொத்தமே சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

துளை சின்னதாக, விரல்விட்டு எண்ணும்படி இருந்தால் காப்பாற்றலாம். 1000 நம்பர் தண்ணீர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, மேடாக நிற்கும் ஓரத்தை மட்டும் தேய்த்து, பிறகு 2000 நம்பரில் முடிக்க வேண்டும். தேய்ப்பது பைப்பைச் சுற்றிக் குறுக்காக. நீளவாக்கில் மேலும் கீழும் தேய்த்தால் எண்ணெய் வெளியே வர நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. துளைக்குள் இரண்டு கலவை எபாக்ஸி வைத்து, காய்ந்ததும் சமமாகத் தேய்த்துவிடலாம். சிலர் நகப் பாலீஷ், சிலர் சூப்பர் குளூ போடுகிறார்கள். இது எத்தனை நாள் நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியையும் கண்டிருக்கிறேன், ஒரு மாதத்தில் திரும்பி வந்ததையும் கண்டிருக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: குரோம் தோல் உரிவது மாதிரி உரிய ஆரம்பித்திருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது, பைப் மாற்ற வேண்டும். காப்சாய்க்கு பைப் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு ஃபோர்க் தேவையில்லை.

இரண்டாவது சந்தேகம் வளைவு. எப்போதாவது முன்னால் இடித்ததுண்டா, பெரிய குழியில் விழுந்ததுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. காப்சாயில் பைப்பைப் பிடித்திருப்பது கீழ் பிராக்கெட் மட்டும்தான், பெரிய வண்டி மாதிரி மேலே இன்னொரு தட்டு கிடையாது, அதனால் வளைவு வந்தால் அந்தப் பிடிப்புக்குச் சற்றுக் கீழே வரும். பைப்பைக் கழற்றி ஒரு கனமான கண்ணாடி மேஜை மேல் உருட்டினால் தெரிந்துவிடும், அடியில் வெளிச்சம் தெரிந்து மறைந்து தெரிந்து மறைந்தால் வளைந்திருக்கிறது. லேசான வளைவை பிரஸ்ஸில் நிமிர்த்தித் தருவார்கள். மடிப்பு மாதிரி ஒரு கோடு விழுந்துவிட்டதென்றால் நிமிர்த்தக் கூடாது, நிமிர்ந்தாலும் இரும்பு அந்த இடத்தில் செத்துப் போயிருக்கும். இதைப் படத்தில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

வளைவே இல்லாமல் முறுக்கு மட்டும் இருப்பதும் உண்டு. வண்டி நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே போதும், இரண்டு கால்களும் பிராக்கெட்டுக்குள் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், ஃபோர்க் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஏறி இறங்கும், சீல் ஒரு பக்கமாகத் தேயும். பிராக்கெட் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை நேராக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை அழுத்தி விட்டு, அப்புறம் முறுக்கினால் சரியாகும். காசு செலவே இல்லை.

மூன்றாவது, எனக்கு மிகவும் சந்தேகமானது, சீல் போட்ட கை. கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். கடை திறந்த புதிதில் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) அங்கிள் ஒருவரின் வண்டிக்கு சீல் போட்டேன், பழையதை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தபோது பாட்டத்தின் உள்சுவரில் ஒரு கீறல், புதியதை அதே ஸ்குரூ டிரைவரால் ஓரம் ஓரமாகத் தட்டி இறக்கினேன். ஒரு வாரத்தில் வந்து நின்றார். இன்னொரு ஜோடி போட்டேன், அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை என் காசில் பாட்டமே மாற்றிக் கொடுத்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. நெம்பும்போது அடியில் ஒரு துணியோ பிளாஸ்டிக் துண்டோ வைக்க வேண்டும். புது சீலை பைப்பில் நுழைக்கும் முன் பைப்பின் கூர்மையான நுனியை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, மேலே ஃபோர்க் எண்ணெய் தடவி, அதன் மேல் வழுக்கி இறக்க வேண்டும். உள்ளே தட்டுவதற்கு பைப்பைச் சுற்றிச் சரியாக உட்காரும் பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, சீலுக்கும் அதற்கும் நடுவில் பழைய சீல், இவ்வளவும் இருந்தால் சீல் நேராக இறங்கும். வட்டக் கிளிப் அதன் பள்ளத்தில் முழுதாக உட்காரும் வரை தட்ட வேண்டும். கிளிப் பாதி வெளியே நின்றால் சீல் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

இதே வகையில் இன்னொரு தப்பு, எண்ணெயை அதிகமாக ஊற்றுவது. "கொஞ்சம் கூட ஊத்தினா ஹார்டா இருக்கும் பாஸ்" என்பார்கள். ஹார்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங். ஃபோர்க் அமுங்கும்போது அந்தக் காற்று சுருங்குகிறது, இடம் குறையக் குறைய அழுத்தம் ஏறுகிறது. அளவோடு இருந்தால் நல்லது, பெரிய குழியில் அடி தட்டாமல் காக்கும். அளவு மீறினால் அந்த அழுத்தம் எல்லாம் சீல் மேல் போகும், ஒரு நாள் மேட்டில் ஏறி இறங்கும்போது உதட்டைத் தாண்டி எண்ணெய் பீச்சும். உங்கள் ஃபோர்க்கைத் திறக்கும்போது இரண்டு காலிலும் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள், ஒழுகாத வலது காலில் இருப்பதே முக்கியமான சாட்சி.

எண்ணெய் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு செலவழிக்காமல் வண்டி மாறுவது இங்கேதான். முதலில், எஞ்சின் எண்ணெய் ஊற்றாதீர்கள். 10 டபிள்யூ 40 எஞ்சின் எண்ணெயில் 10 என்று பார்த்துவிட்டு 10 டபிள்யூ ஃபோர்க் எண்ணெயும் அதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அந்த 10 குளிர்காலத்துக்கான குறி. 40 டிகிரி சூட்டில் அளந்தால் அந்த எஞ்சின் எண்ணெய் சுமார் 90 சென்டிஸ்டோக் (எண்ணெயின் தடிமனை அளக்கும் அலகு) இருக்கும், 10 டபிள்யூ ஃபோர்க் எண்ணெய் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. ஃபோர்க் எண்ணெயிலேயே ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 15 அளவுக்குத் தடிமனாக இருக்கும், இதற்கென்று எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு கிடையாது. டப்பாவின் பின்னால் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்று போட்டிருந்தால் அதை வைத்து ஒப்பிடுங்கள். ஆட்டோ கியர் காருக்கான ஏடிஎஃப் எண்ணெய் ஊற்றுவார்களே, அது அவ்வளவு தப்பில்லை, அதன் தடிமன் சாதாரண ஃபோர்க் எண்ணெய்க்கு அருகில்தான் வரும், பழைய மெக்கானிக்குகள் காரணமில்லாமல் அதை எடுக்கவில்லை. ஆனால் ஒரு லிட்டர் ஃபோர்க் எண்ணெய் இன்றைக்கு அதைவிடப் பெரிய விலை ஒன்றும் இல்லை.

தடிமனான எண்ணெய் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஓட்டை வழியாகப் போகும் எண்ணெயின் தடை வேகத்தோடு சேர்ந்து நேராக ஏறாது, வேகம் இரண்டு மடங்கானால் தடை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அதனால்தான் இந்த ரக ஃபோர்க் பிரேக் பிடிக்கும்போது மெதுவாகத் தலை குனிகிறது, ஆனால் பாலத்தின் இணைப்பு இரும்பில் டமார் என்று கையை அடிக்கிறது. தடிமன் ஏற்றினால் தலை குனிவது கொஞ்சம் குறையும், அடி அதைவிட அதிகமாகும். நான் 10இல் ஆரம்பித்து, தனியாக ஓட்டும் 60, 65 கிலோ ஆளுக்கு அங்கேயே நிறுத்திவிடுவேன். பின்னால் ஆள் ஏற்றுபவர், டெலிவரி பெட்டி வைத்தவர் என்றால் 15. எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, பைப்பை அடிவரை அமுக்கி, மேல் நுனியிலிருந்து எண்ணெய் வரை அளந்து. அந்த அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு இரண்டு காலிலும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே மாதிரி வையுங்கள். நான் எண்ணை இங்கே எழுதினால் நீங்கள் அதை வேறு மாடலுக்கு வைத்துவிடுவீர்கள்.

நீங்களே கழற்றப் போகிறீர்கள் என்றால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மேல் மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது, சில மாடலில் மரை, சில மாடலில் வட்டக் கம்பி, எதுவானாலும் முகத்தை மேலே நீட்டிக்கொண்டு திறக்காதீர்கள். அடுத்தது பாட்டத்தின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட், திருப்பினால் உள்ளே கம்பியும் சேர்ந்தே சுற்றும். மூடியைத் திறக்கும் முன்பே, ஸ்பிரிங் அழுத்தம் இருக்கும்போதே அந்த போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் சுற்றினால் இம்பாக்ட் கன் வைத்திருக்கும் கடையில் இரண்டு நிமிட வேலை. நாங்கள் விளக்குமாற்றுக் கட்டையின் நுனியைக் கூராகச் சீவி உள்ளே குத்திப் பிடித்துக்கொள்வோம், அதுவும் வேலை செய்யும். அந்த போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள், சில்லறைக் காசுக்காகப் பழையதைப் போட்டு அடியில் ஒழுகவிட்டுத் திரும்பி வருபவர்கள் அதிகம்.

பாலத்தின் இணைப்பில் "டக் டக்" என்று சத்தம் வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது ஃபோர்க் இல்லாமல் கழுத்து பேரிங்காக (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருப்பது) இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நடு ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, பாட்டம் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், தட்டினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருந்தால் பேரிங் தடமே குழிந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஃபோர்க்கைத் திட்டிக்கொண்டே பல பேர் ஓட்டுவது இந்தப் பேரிங்கை வைத்துக்கொண்டுதான்.

இவ்வளவும் சரியான பிறகு மேம்படுத்துவது பற்றிப் பேசலாம். கேபிள் டை ஒன்றை பைப்பில் கட்டி தூசி சீலோடு ஒட்டி வையுங்கள். நண்பர் ஒருவர் வண்டியைத் தூக்கிப் பிடித்து முன்பக்கத்தை முழுக்க நீட்டி அளவெடுக்கட்டும், அப்புறம் நீங்கள் வேலைக்குப் போகும் உடையோடு மெதுவாக உட்காருங்கள், எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இந்த வண்டிக்கு 30, 35 மில்லிமீட்டர் என்றால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கிறது. 45க்கு மேல் போனால் தளர்ந்துவிட்டது, அல்லது நீங்கள் கனம். ஸ்பிரிங் மேல் 5 முதல் 10 மில்லிமீட்டர் துண்டு ஒன்று வைத்தால் இறக்கம் குறையும், ஆனால் அது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது, உட்காரும் உயரத்தை மட்டும் மாற்றும். இதைப் பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள். கெட்டியான ஸ்பிரிங் வேண்டும் என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும், ஜோடியாகக் கிடைக்கிறது, அப்சைட் டவுன் செட்டின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

கடைசியாக அந்த அப்சைட் டவுன். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் 300 வெள்ளிக்கு முழு செட் என்று யாராவது சொன்னால் அது பாதி செட்தான், பிராக்கெட், அச்சு, கேலிப்பர் பிடிப்பு, மட்கார்டு எல்லாம் சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போகும். உயரம் கொஞ்சம் மாறினாலும் ஹேண்டிலின் சாய்வுக் கோணம் மாறும், நேராக ஓடும் குணமே மாறும். அதில் சீல் கீழே இருக்கிறது, எண்ணெய் அதன் மேல் நிற்கிறது, அதனால் உதடு கிழிந்தால் நம் பழைய ஃபோர்க் மாதிரி கசிந்துகொண்டு இருக்காது, கடகடவென்று இறங்கிவிடும், இறங்குவது நேராக கேலிப்பர் பக்கம். அப்புறம் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா. ரோட் பிளாக்கில் நிறுத்தினால் என்ன சொல்வீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்வான், இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என் கணக்கு இது, கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். எண்ணெய் சீல், தூசி சீல் நல்லதாக இரண்டு ஜோடி, செம்பு வாஷர், எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து 120லிருந்து 150 வெள்ளி. பேட் மாற்ற வேண்டியிருந்தால் இன்னொரு 30, 40. கழுத்து பேரிங் போயிருந்தால் கூலியோடு 80 வைத்துக்கொள்ளுங்கள். சீல் வாங்கும்போது பழையதில் அச்சடித்த மூன்று எண்களைப் பாருங்கள், உள் அளவு, வெளி அளவு, தடிமன். சின்ன வண்டிகளில் 26, 37, 10.5 என்று அடிக்கடி வரும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும், "இதுவும் போகும்" என்றால் வாங்காதீர்கள். பைப்பும் மாற்ற நேர்ந்தால் 300ஐக் கொஞ்சம் தாண்டும், அப்போது பேரிங்கை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளுங்கள், பைப்பைத் தள்ளாதீர்கள். 2019இலிருந்து பாலத்தில் மோட்டாருக்கு டோல் இல்லை, அந்தக் காசை ஃபோர்க் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கழற்றும் அன்றைக்கு இடது பக்கத்துப் பழைய சீலைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். உள் உதட்டை வெளிச்சத்தில் காட்டி ஒரு படம், பைப்பில் நகம் தட்டிய இடத்துக்கு ஒரு படம், இரண்டையும் போடுங்கள். உதடு ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் பைப் அல்லது ஸ்குரூ டிரைவர், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முறுக்கு அல்லது வளைவு. படம் தெளிவாக இருந்தால் இந்த இரண்டில் எந்த வகை என்று சொல்லிவிடலாம், வளைவா முறுக்கா என்பதற்கு மட்டும் பைப்பை மேஜையில் உருட்டித்தான் பார்க்க வேண்டும்.